சாக்லேட் வகுப்பில் ஓர் அம்மி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முன்னாளில் மக்கள் வழிபாட்டிற்காகவும் வாணிகத்திற்காகவும் நெடும்பயணம் மேற்கொண்டனர். பின்னர்க் காட்சி காண்பதற்கென்றே செல்வோர் தோன்றினர். இந்நாளிலோ கண்டு மீள்வதோடு அமையாமல், சென்ற நாட்டில் ஏதேனும் ஒன்றைத் தம் கையால் செய்து பார்க்க விரும்புவோர் பெருகியுள்ளனர். ஓரிடத்தில் மண்பாண்டம் வனைகின்றனர். வேறோரிடத்தில் தறியில் அமர்கின்றனர். மற்றோரிடத்தில் அந்நாட்டுச் சமையலைக் கற்கின்றனர். இரண்டு மணி நேரத்தில் ஒரு தொழிலைக் கற்றுவிட இயலுமோ என்று நகைப்போரும் உளர். அந்நகைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், இரண்டு மணி நேரத்தில் எது கற்பிக்கப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதை ஆராய்ந்தால் சில உண்மைகள் புலப்படும். அதற்கு எடுத்துக்காட்டாக, மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டில் நடைபெற்ற ஒரு சாக்லேட் வகுப்பு இங்கே பேசப்படுகிறது. கோவையைச் சேர்ந்த ஒரு தம்பதியர் 2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவ்வகுப்பில் அமர்ந்து மீண்டனர். அவர்கள் உறவினரிடம் பலமுறை சொல்லிச் சொல்லி மகிழ்ந்த செய்திகளே இவ்வுரைக்கு அடிப்படை.

கணவர் பஞ்சாலையொன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியார் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பெரிய கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அமெரிக்காவில் பணிபுரியும் மகளைக் காணச் சென்ற இடத்தில், மகளும் மருமகனும் ஏற்பாடு செய்தமையால் குவாத்தமாலாவிற்குச் சென்றனர். தங்கிய ஊர் ஆன்டிகுவா. ஸ்பானியர் ஆட்சியில் 1543ஆம் ஆண்டு முதல் அவ்வட்டாரம் முழுமைக்கும் தலைநகராக விளங்கி, 1773ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் சிதைந்து, தலைநகர் என்னும் பெருமையை இழந்த ஊர் அது. இடிந்த தேவாலயங்களும், கருங்கல் பாவிய தெருக்களும், தெற்கே அகுவா என்னும் எரிமலையும் சேர்ந்து பயணிகளை ஈர்க்கின்றன. மேற்கே ஃபுவேகோ எரிமலை அவ்வப்போது புகை கக்கிக்கொண்டிருக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த ஊர். அவ்வளவு உயரத்தில் கொக்கோ மரம் விளையாது. அதற்கு வெப்பமும் ஈரமும் நிழலும் வேண்டும். நிலநடுக்கோட்டிற்கு இருபுறமும் 20 பாகைக்குள் அடங்கிய தாழ்நிலங்களே அதன் இருப்பிடம். ஆக, கொக்கோ விளையாத ஊரில்தான் கொக்கோ வகுப்பு நடக்கிறது. பயணிகள் எங்கே இருக்கின்றனரோ அங்கேதானே வகுப்பு நடக்க வேண்டும்!

வகுப்பில் எண்மர் இருந்தனர். கற்பித்தவர் மாயா இனத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண். ஆங்கிலத்திலேயே பேசினார், கணவர் அவ்வப்போது மனைவியாருக்குத் தமிழில் எடுத்துரைத்தார். முதலில் ஒவ்வொருவர் கையிலும் உலர்ந்த கொக்கோ விதைகள் ஒரு பிடி தரப்பட்டன. பார்வைக்குப் பெரிய வாதுமைப் பருப்புப் போன்றவை, முகர்ந்தால் புளிப்பு. இவ்விதைகள் ஒரு காலத்தில் அந்நாடுகளில் நாணயமாக வழங்கியவை என்று அப்பெண் கூறினார். இதற்கு எழுத்துச் சான்று உண்டு. மெக்சிகோவில் திலாஸ்காலா என்னும் இடத்தில் 1545ஆம் ஆண்டு எழுதப்பெற்ற விலைப்பட்டியல் ஒன்றில், நல்ல பெட்டை வான்கோழி ஒன்றுக்கு 100 விதை, வான்கோழி முட்டைக்கு 3 விதை, புதிதாய்ப் பறித்த வெண்ணெய்ப்பழத்திற்கு 3 விதை, பெரிய தக்காளிக்கு ஒரு விதை என்று குறிக்கப்பட்டுள்ளது. கள்ள நாணயமும் இருந்தது. விதையின் தோலுக்குள் மண்ணை அடைத்து விற்றவர்கள் இருந்தனர். மரத்தில் காய்க்கும் பணத்திலும் போலி செய்யத் தெரிந்த மனித இனத்தை வியப்பதா, நோவதா? கணவர் தம் கையிலிருந்ததை எண்ணிப் பார்த்து, தமக்கு அரை வான்கோழி அளவு செல்வம் இருப்பதாக அறிவித்தாராம்.

பின்னர் வறுவல். கோமால் என்று அவர்கள் வழங்கும் தட்டையான மண்ணோட்டை அடுப்பில் ஏற்றி, விதைகளை இட்டு, மரக்கரண்டியால் இடைவிடாது கிளற வேண்டும். சிறிது நேரத்தில் புளிப்பு வாடை அடங்கி, பழகிய மணம் எழும். விதைகள் ஒன்றிரண்டு படபடவென்று வெடிக்கும். அதுவே பதம். கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து ஊதித் தள்ளினால் உள்ளே கரும்பழுப்பு நிறப் பருப்பு உடைந்து கிடைக்கும். மற்றவர்கள் வாயால் ஊதிக்கொண்டிருந்தபோது அம்மையார் தட்டை வாங்கி இரண்டு முறை புடைத்தாராம். தோல் ஒருபுறம், பருப்பு ஒருபுறம் ஆயிற்று. அப்போதுதான் அவ்விளம்பெண் அவரைக் கவனிக்கத் தொடங்கினார் போலும்.

அடுத்து வந்தது அரைக்கும் கல். ஸ்பானிய மொழியில் மெத்தாத்தே என்பர். அது எரிமலைப் பாறையில் செதுக்கியது. மூன்று குட்டைக் கால்கள் உடையது. அரைப்பவரிடமிருந்து அப்பால் சரிந்து செல்வது. குழவி இருகையாலும் பற்றி முன்னே தள்ளி இழுக்கும்படி நீண்டது. தமிழ்நாட்டு அம்மிக்குக் காலில்லை, சரிவில்லை. மெத்தாத்தேயின் கால்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. கல்லின் அடியில் தணலை வைக்க இடம் வேண்டும். ஏனெனில் கொக்கோப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அக்கொழுப்பு உருகினால்தான் அரைப்பு நடைபெறும்.

கல்லைக் கண்டதும் அம்மையார் கணவரிடம் கேட்ட கேள்வி இது: “ஏனுங்க, காசு குடுத்து அம்மி அரைக்கறதுக்காங்க இத்தனை தூரம் வந்தோம்?”

கணவர் சிரித்து மழுப்பினார். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. அவருடைய தாயார் பன்னிரண்டு பேர் கொண்ட வீட்டுக்கு நாள்தோறும் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தவர். உள்ளங்கை காய்ப்பேறி, தோள் வலி என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாதவர். அவ்வீட்டிற்கு முதன்முதலாகக் கிரைண்டர் வந்த நாளில், அதன் அருகே தரையில் அமர்ந்து, மாவு தானே அரைபடுவதை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தகைய வீட்டுப் பெண், கடல் கடந்து சென்று, கட்டணம் செலுத்தி, கல்லின் முன் மண்டியிடுவது எதற்காக? மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் கல்லின் முன் மண்டியிட்டவர்கள் பெண்களே. சோளமும் கொக்கோவும் அவர்கள் முழங்காலிலும் முதுகிலும் அரைபட்டன. மின்னரைவை நிலையங்கள் ஊர்தோறும் வந்த பின்னரே அவர்களுக்கு விடிவு. மெக்சிகோவின் வஹாக்கா நகரில் இன்றும் இல்லத்தரசியர் வறுத்த கொக்கோவும் சர்க்கரையும் பட்டையும் எடுத்துச் சென்று அரைவைக் கடையில் தம் கண்முன்னே அரைத்து வாங்குகின்றனர். அவர்களில் எத்தனை பேர் மீண்டும் கல்லுக்குத் திரும்ப விரும்புவர்? கைவினையைப் போற்றிப் பேசுவோர் அக்கைக்குரியவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பேசுவது நலம்.

கேள்வி கேட்டாரே ஒழிய, அம்மையார் கல்லின் முன் அமர்ந்துவிட்டார். மற்றவர்கள் பருப்பைக் கல்லில் இட்டுக் குழவியால் குத்தினர், சிதறிற்று. அம்மையார் உடலின் பாரத்தைத் தோளிலிருந்து குழவிக்கு இறக்கி, தள்ளும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்தினார். முதலில் பொடி. பின்னர்ப் பொடி ஈரமாயிற்று. நீர் ஒரு சொட்டும் சேராமலே, எள்ளை இடித்தால் எண்ணெய் கசிவதுபோலக் கொழுப்பு வெளிப்பட்டு, பொடி பிசைந்த மாவாகி, மாவு கூழாகிப் பளபளத்தது. இவ்விடத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. கூழ் கல்லோடு ஒட்டியதைக் கண்டு, பழக்கத்தினால் அம்மையார் அருகிலிருந்த குவளை நீரைத் தொட்டுத் தெளிக்கப் போனார். இளம்பெண் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அச்சில் வார்க்க வேண்டிய சாக்லேட்டில் சிறிதளவு நீர் பட்டாலும் போதும். சர்க்கரைத் துகள்கள் அந்நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கூழ் முழுதும் இறுகித் திப்பிதிப்பியாகிவிடும். நீர் தெளிக்காமல் அம்மி அரைப்பது அம்மையாருக்குப் புதுமை. அவ்வகுப்பில் அவர் கற்ற முதற்பாடம் அதுவே எனலாம்.

அரைத்த கூழில் ஒரு பகுதி பானமாக்கப்பட்டது. பானத்திற்கு நீர் வேண்டும். தடை அச்சுக் கட்டிக்கு மட்டுமே. வெந்நீர், சிறிது மிளகாய்த்தூள், தேன். மோலினியோ என்னும் மரமத்தை இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கடைந்தால் நுரை பொங்கும். தயிர் கடையும் மத்தைக் கயிற்றால் இழுக்கிறோம், அவர்கள் கையால் உருட்டுகின்றனர்; வேறுபாடு அவ்வளவே. ஆனால் இம்மத்து ஸ்பானியர் காலத்தில் புகுந்தது. அதற்கு முன்பு நுரை எழுப்பிய முறையை, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள மாயாக் கலயம் ஒன்று காட்டுகிறது. கி.பி. 670க்கும் 750க்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்பெற்ற அக்கலயத்தில், ஒரு பெண் நின்றவாறு உயரத்திலிருந்து ஒரு கலத்துப் பானத்தைத் தரையிலுள்ள மற்றொரு கலத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அதன் படம் வகுப்பறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கொக்கோவின் தொன்மைக்கு வேறு சான்றுகளும் உள. குவாத்தமாலாவின் வடபகுதியில் ரியோ அசுல் என்னுமிடத்துக் கல்லறையில் 1984ஆம் ஆண்டு கிடைத்த மூடியுள்ள கலயத்தில் கொக்கோவைக் குறிக்கும் மாயா எழுத்து வாசிக்கப்பட்டது. உள்ளே படிந்திருந்த கறையிலும் கொக்கோவின் வேதிப்பொருள்கள் கண்டறியப்பட்டன. இன்னும் பின்னோக்கிச் சென்றால், தென்னமெரிக்காவில் ஈக்வடார் நாட்டுப் பழங்குடியிருப்பு ஒன்றில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்னரே கொக்கோ பயன்பட்டதாக 2018ஆம் ஆண்டு ஆய்வாளர் அறிவித்தனர். இவ்வளவு நெடிய வரலாற்றில் சாக்லேட் கடித்து உண்ணும் கட்டியாக இருந்த காலம் மிகச் சிறிது. 1828ஆம் ஆண்டு ஹாலந்தில் வான் ஹூட்டன் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்துபொறிக்கு உரிமம் பெற்றார். 1847ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஃபிரை நிறுவனத்தார் அக்கொழுப்பை மீண்டும் சேர்த்து அச்சில் வார்த்தனர். அதுவரை சாக்லேட் என்றால் பெரும்பாலும் பருகுவதே.

இனி வகுப்பின் முக்கியமான கட்டம். அரைத்த கூழை எண்மரும் ஒரு கிண்ணத்தில் வழித்துக் கொடுத்தனர். இளம்பெண் அதனை உள்ளே எடுத்துச் சென்றார். திரும்பி வந்தபோது அவர் கையில் வேறொரு பெரிய கிண்ணம். அதில் கண்ணாடிபோல் மின்னும் கருஞ்சாக்லேட் குழம்பு. “இதை அச்சில் வாருங்கள்” என்றார். அனைவரும் மகிழ்ந்து கரண்டியை எடுத்தனர். அம்மையார் மட்டும் எடுக்கவில்லை.

“இது நாம அரைச்சது இல்லீங்க. நாம அரைச்சது இத்தனை மையா இல்லை. கேளுங்க அவங்களை.”

“சும்மா இரும்மா, எல்லாரும் இருக்காங்க,” என்றார் கணவர்.

“இருந்தா என்னங்க? கேளுங்க.”

கணவர் கூச்சத்தோடு கேட்டார். இளம்பெண் முகம் சுளிக்கவில்லை. பெரும்பாலோர் கேட்பதில்லை என்று கூறி, வாருங்கள் என்று இருவரையும் உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சன்னலோரம் ஒரு மேசை. மேசைமேல் ஓர் இயந்திரம் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. எஃகுப் பாத்திரம், அதன் அடியில் கல், அக்கல்லின்மேல் உருளும் இரண்டு கல் உருளைகள். அம்மையார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“ஏனுங்க, இது நம்மூட்டுக் கிரைண்டருங்க!”

அது வெறும் ஒப்புமை அன்று. மாவாட்டும் கிரைண்டர் 1950-களின் நடுவில் கோவையில் உருவாகி, படிப்படியாகச் சிறுத்து மேசைமேல் ஏறிய வரலாறு அனைவரும் அறிந்தது. அதற்குரிய கல் ஊத்துக்குளி வட்டாரத்திலிருந்து வருவது. கோவைக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் அமெரிக்காவில் வீட்டிலேயே விதையிலிருந்து சாக்லேட் செய்ய முற்பட்ட சிலர், பெருந்தொழிற்சாலை இயந்திரங்களை வாங்க வகையின்றித் தேடியபோது, அவர்களுக்குக் கைகொடுத்தது இந்த மாவரைக்கும் கல்லே. பின்னர் நீண்ட நேர ஓட்டத்தைத் தாங்குமாறு அது வலுப்படுத்தப்பட்டது. இன்று உலகெங்கும் சிறு சாக்லேட் பட்டறைகள் பலவற்றில் சுழல்வது கோவைக் கிரைண்டரோ அதன் வழிவந்த இயந்திரமோ ஆகும். இதனைத் தமிழர் பலரும் அறியார் என்பது ஒருபுறமிருக்க, இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நீர் விட்டு அரைப்பதற்கென்றே பிறந்த இயந்திரம், ஒரு சொட்டு நீரும் ஆகாத பண்டத்திற்கு உலகெங்கும் உழைக்கிறது.

ஏன் இந்த மாற்றம் தேவையாயிற்று என்பதை இளம்பெண் விளக்கினார். நாவு ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை நரநரப்பாக உணரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையால் ஒரு மணி நேரம் அரைத்த கூழ் அதைவிடப் பலமடங்கு பருத்த துகள்களை உடையது. கிரைண்டரில் ஒரு நாளோ, இரண்டு நாளோ, சில சமயம் மூன்று நாளோ ஓடினால்தான் அது நாவை ஏமாற்றும் நயத்தை அடையும். அத்துடன் புளிப்பு ஆவிகளும் நீங்கும். ஸ்விட்சர்லாந்தில் ரோடால்ஃப் லிண்ட் 1879ஆம் ஆண்டு கண்டறிந்த நெடுநேரக் கடைதலும் இதனையொத்த பணியையே செய்தது. வகுப்பிற்கு இரண்டு மணி நேரம். சாக்லேட்டிற்கு இரண்டு நாள். ஆகவே முன்னாள் தொடங்கிய அரைப்பு இன்று வந்தவர்களின் கிண்ணத்திற்கு வருகிறது. பயணி தம் பெயரை எழுதிய உறையில் கொண்டுசெல்லும் கட்டியில் அவர் அரைத்தது எதுவும் இல்லை. இதனை ஏமாற்று என்று சொல்லிவிடுவது எளிது. ஆயின் கேட்டவரிடம் மறைக்கவில்லை. கேளாதவரிடம் சொல்லவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இடம் எது என்பதை அன்பர்கள் எண்ணிக்கொள்க.

அம்மையார் அத்துடன் விடவில்லை. கிரைண்டரின் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கல் சுழல்வதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மற்றொரு கேள்வி: “மாவுன்னா அரைச்சதும் புளிக்க வெக்கோணும். இதுல முன்னாலயே புளிச்ச வாசம் அடிச்சுதே, அது எப்படிங்க?”

வகுப்பில் சொல்லப்படாத பகுதியை இக்கேள்வி தொட்டது. கொக்கோக் காயைப் பிளந்தால் உள்ளே 30 முதல் 50 விதைகள், சீத்தாப்பழச் சுளைபோன்ற வெண்சதையில் பொதிந்திருக்கும். அவ்விதையை அப்படியே கடித்தால் கசப்பும் துவர்ப்பும் அன்றிச் சாக்லேட்டின் சுவடே இராது. சதையோடு மரப்பெட்டியில் இட்டு, வாழையிலையால் மூடி, ஐந்து முதல் ஏழு நாள் புளிக்கவைக்க வேண்டும். சதையின் இனிப்பை நுண்ணுயிர்கள் முதலில் சாராயமாக்கி, பின்னர்க் காடியாக்கும். பெட்டிக்குள் சூடு 45 பாகை செல்சியசைத் தாண்டும். முளைக்க இருந்த விதை அச்சூட்டிலும் புளிப்பிலும் இறந்துபடும். அவ்வாறு இறந்த பின்னர் விதைக்குள் நிகழும் மாற்றங்களே, வறுக்கும்போது மணமாக எழுகின்றன. பின்னர் ஒருவாரம் வெயிலில் காயவைத்து, நாள்தோறும் துழாவி, மழை வந்தால் ஓடிவந்து மூட வேண்டும். இதில் பிசகினால் எந்தக் கிரைண்டரும் எந்தச் சமையற்காரரும் அதனை மீட்க இயலாது. வகுப்புத் தொடங்கும் முன்பே சாக்லேட்டின் விதி எழுதப்பட்டுவிடுகிறது. இத்தனையும் ஆல்டா வெரபாஸ் என்னும் மலைச்சாரல் மாவட்டத்தில் கெக்சி மாயா உழவர்கள் செய்து அனுப்பியவை என்று இளம்பெண் சொன்னார். 1544ஆம் ஆண்டு ஸ்பானிய இளவரசர் பிலிப்பின் அவைக்குச் சென்று காணிக்கைகளோடு சாக்லேட்டும் அளித்தவர்கள் அதே கெக்சி மாயா மக்களின் தலைவர்களே.

வார்ப்பு வேலையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. உருகிய சாக்லேட்டைச் சுமார் 28 பாகைக்குக் குளிர்வித்து, மீண்டும் 31 அல்லது 32 பாகைக்கு உயர்த்தினால் அதன் கொழுப்பு முறையாக உறையும். உடைத்தால் ‘டக்’கென்று ஒலிக்கும். பாகின் கம்பிப் பதம் அறிந்தவர்க்கு இது கடினமன்று. அம்மையாரின் கட்டி வகுப்பிலேயே சிறந்து விளங்கிற்று. கணவருடையது சற்று வெளிறியது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறாமல் கடந்து செல்வது முறையன்று. குவாத்தமாலாவின் கொக்கோ உலக விளைச்சலில் மிகச் சிறுபகுதியே. பாதிக்கும் மேற்பட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே புளிக்கவைப்பவர்களையும் காயவைப்பவர்களையும் காணப் பயணிகள் செல்வது அரிது. அவ்விரு நாடுகளிலும் கொக்கோ வேலையில் 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர் சிறுமியர் ஈடுபட்டிருந்ததாக, 2018-19ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வமைப்பு 2020ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. கொடிய வகைச் சிறார் உழைப்பை ஒழிப்போம் என்று பெருநிறுவனங்கள் 2001ஆம் ஆண்டிலேயே கையொப்பமிட்டிருந்தன. நோயாலும் பருவக்கோளாற்றாலும் விளைச்சல் குன்றி, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியபோதும், முன்கூட்டியே அரசு வரையறுத்த விலைக்கு விற்ற அந்நாட்டு உழவர்க்கு அந்த உயர்வின் சிறுபங்கே சேர்ந்தது. அடுத்த ஆண்டு விலை சரிந்தது. தமிழ்நாட்டிலும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. அத்தோப்புகளுக்கு அருகே வாழ்வோரில் எத்தனை பேர் அந்த வெண்சதையைச் சுவைத்திருப்பர்?

தம்பதியர் கதைக்கு வருவோம். புளிக்கவைப்பதைக் கண்ணால் காணாமல் ஊர் திரும்புவதில்லை என்று அம்மையார் உறுதியாக இருந்தார். ஆல்டா வெரபாஸ் தொலைவு. பசிபிக் கடலை நோக்கிச் சரியும் சுச்சித்தெபெக்கெஸ் மாவட்டம் அண்மையில் உள்ளது. ஸ்பானியர் வருமுன்னரே கொக்கோவுக்குப் பெயர்பெற்றது. வாடகை வண்டியோட்டியின் உறவினர் ஒருவருக்கு அங்கே சிறுதோட்டம் இருந்தது. காலையில் புறப்பட்டனர். மலையிறங்க இறங்கக் குளிர் விலகி, வெக்கை ஏறிற்று. அங்கே வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு நிழல் மரங்களுக்கிடையே நடந்தனர். கொக்கோ மரத்தில் பூ கிளை நுனியில் பூப்பதில்லை. பலாவைப்போல அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கிறது. உழவர் ஒரு காயை வெட்டித் தந்தார். அம்மையார் சதையைச் சுவைத்து விதையைத் துப்பாமல் வைத்திருந்து, துப்பலாமா என்று சைகையால் கேட்டாராம். அங்கே விதையன்றோ செல்வம்! பெட்டியின் வாழையிலையை விலக்கியபோது ஆவியும் காடி நெடியும் முகத்தில் அடித்தன. அம்மையார் கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தார். பொங்கிவரும் இட்லி மாவில் விரல் விட்டுப் பார்ப்பவர் செய்கிற அதே செய்கை. “நல்லா வந்திருக்குது” என்றார். உழவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் தலையசைத்தார்.

வீட்டுத் திண்ணையில் அமர்ந்ததும், வெறுங்கையோடு வந்தோமே என்று எண்ணிய அம்மையார், முந்தைய நாள் தாம் வார்த்த கட்டியை அவ்வீட்டுப் பெண்மணிக்குக் கொடுக்க வண்டியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். உறையைப் பிரித்தால் கட்டி இல்லை. கொக்கோக் கொழுப்பு சுமார் 34 பாகையில் உருகுவது. கொக்கோ மரம் விரும்பும் வெயிலைக் கொக்கோக் கட்டி தாங்காது. பதமும் பளபளப்பும் போய், தாளோடு ஒட்டிய கருங்குழம்புதான் இருந்தது. கணவருக்குச் சிரிப்பு, அம்மையாருக்கு வருத்தம். அவ்வீட்டுப் பெண்மணியோ இதற்கென்ன என்பதுபோல் அதை வாங்கி உள்ளே சென்றார். தாளிலிருந்து முழுதும் வழித்து, கொதிக்கும் நீரில் இட்டு, ஒரு துண்டுப் பட்டையும் சேர்த்து, ஆவி பறக்கும் பானையோடு திரும்பி வந்து திண்ணையில் வைத்தார். மத்து எங்கோ கிடந்தது. பிள்ளைகளைத் தேடச் சொல்லிக் கூவினார்.

அதற்குள் அம்மையார் இரண்டு குவளைகளைக் கேட்டு வாங்கி, பானத்தை மொண்டு, எழுந்து நின்று, கையை மேலே உயர்த்தி ஆற்றத் தொடங்கினார். மூன்றாம் முறை ஊற்றியபோது நுரை எழுந்தது. மத்தோடு ஓடிவந்த பிள்ளைகள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றனர்.